கவித்துவ நீதினா என்ன? வில்லன் செத்தா மட்டும் போதாது

ஆர்கோஸ்னு ஒரு பழைய கிரேக்க ஊர். அங்க மிட்டிஸ்ங்கிற ஒருத்தரை ஒருத்தன் கொன்னுடுறான். பிறகு ஒரு நாள் அந்தக் கொலைகாரன் விழாவுல வேடிக்கை பார்த்துட்டு நிக்கும்போது, அங்க இருந்த மிட்டிஸோட சிலை அவன் மேலயே சாய்ஞ்சு விழுந்து அவன் செத்துப்போறான். இதைச் சொன்னவர் அரிஸ்டாட்டில், கிமு 4ம் நூற்றாண்டுல, நாடகம் எப்படி இருக்கணும்னு அவர் எழுதின பொயட்டிக்ஸ்ங்கிற நூல்ல. சிலை விழுந்தது தற்செயல்தான், ஆனா தற்செயலா நடக்குறதுலயும் ஏதோ ஒரு நோக்கம் ஒளிஞ்சிருக்கிற மாதிரி தெரிஞ்சா அதுதான் நம்மள ரொம்ப அசத்தும்ங்கிறது அவரோட பாயிண்ட்.

அவன் மேல வேற ஏதோ ஒரு தூண் விழுந்து செத்திருந்தாலும் செத்தவன் செத்தவன்தான், தண்டனையும் அதேதான். ஆனா கேக்குற நமக்கு அது ஒரு விபத்துச் செய்தியாத்தான் இருந்திருக்கும். அந்த ஆளோட சிலையே விழுந்ததுனாலதான் உடம்பு சிலிர்க்குது. இந்த வித்தியாசம் புரிஞ்சிருச்சுன்னா கவித்துவ நீதி பாதி புரிஞ்சிருச்சு. பலபேர் இதைப் பொயட்டிக் ஜஸ்டிஸ்னே சொல்வாங்க, காவிய நீதின்னு எழுதுறவங்களும் இருக்காங்க, எல்லாம் ஒண்ணுதான்.

சுருக்கமா சொல்லணும்னா, ஒரு கதையில நல்லது செஞ்சவனுக்கு நல்லதும் கெட்டது செஞ்சவனுக்கு கெட்டதும் வந்து சேரணும், அதுவும் அவன் செஞ்ச காரியத்துக்குப் பொருத்தமான வடிவத்துல வந்து சேரணும். முதல் பாதியை எல்லாரும் சொல்லிடுவாங்க, ரெண்டாவது பாதியைத்தான் விட்டுடுவாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் உயிர். ஒருத்தன் அடுத்தவனுக்குன்னு குழி வெட்டுறான், கடைசியில அவன் காய்ச்சல் வந்து சாகுறான்னா அங்க கதை சப்புனு முடியுது. அவனே ராத்திரி இருட்டுல வழி தெரியாம அந்தக் குழிக்குள்ளயே விழுந்தான்னா, யாரும் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, கதை தானா பேசிடுது.

பட்டினத்தார் பத்தி ஒரு செவிவழிக் கதை உண்டு. பெரிய செல்வந்தரா இருந்தவர் துறவியாகி ஊர்லயே பிச்சை எடுக்குறாரேன்னு மானப்பட்டு அவரோட அக்கா விஷம் வச்ச அப்பத்தைக் கொடுக்க, அவர் அதைத் தெரிஞ்சுக்கிட்டு, சாப்பிடாம அந்த வீட்டுக் கூரையிலயே செருகி, "தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்"னு சொல்லிட்டுப் போக வீடு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சாம். அவர் சாபம் கொடுக்கல, திருப்பி அடிக்கல. எந்த அப்பம் வந்துச்சோ அதே அப்பம், எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சோ அதே வீடு. வள்ளுவர் 319வது குறள்ல, பிறத்தியாருக்குக் காலையில தீங்கு செஞ்சா நமக்குச் சாயங்காலம் தீங்கு "தாமே வரும்"னு சொல்றாரு பாருங்க, அந்த "தாமே"ங்கிற ஒத்தைச் சொல்லுலதான் எல்லாம் இருக்கு. யாரும் அனுப்ப வேண்டாம், அதுவே வரும்.

இப்ப தமிழ்ல இதுக்கு இருக்கிற ஆகப்பெரிய உதாரணத்துக்கு வருவோம், சிலப்பதிகாரம். கதை எல்லாருக்கும் தெரியும்தான், ஆனா கவித்துவ நீதிங்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வழக்குரை காதையைத் திரும்பப் படிச்சா இளங்கோ எவ்வளவு நுணுக்கமா கட்டியிருக்காருன்னு தெரியும். பாண்டியன் செஞ்ச தப்பு என்ன? பொற்கொல்லன் ஒருத்தன் சொன்னதைக் கேட்டுக்கிட்டு, விசாரிக்காம, கோவலனைக் கள்வன்னு முடிவு பண்ணிக் கொல்லச் சொன்னது. உண்மையில அரசியோட சிலம்பைத் திருடினது அந்தப் பொற்கொல்லனேதான். கண்ணகி வந்து என் சிலம்புக்குள்ள இருக்கிற பரல் மாணிக்கம்ங்கிறா, அரசன் எங்களோடதுல முத்துங்கிறான், சிலம்பை உடைக்கிறா, மணி தெறிச்சு அரசன் வாய்கிட்டயே போய் விழுது. எந்த வாய் விசாரிக்காம "கொல்லு"ன்னு சொல்லுச்சோ அந்த வாய்.

அதுக்கப்புறம் அந்த அரசன் சொல்ற வார்த்தை இருக்கே, "யானோ அரசன் யானே கள்வன்", இதுக்கு மேல ஒரு தண்டனையை எந்த நீதிமன்றமும் கொடுத்திட முடியாது. இன்னொருத்தன் மேல அநியாயமா குத்தின அதே முத்திரையை, கள்வன்ங்கிற அதே சொல்லை, தன் வாயாலயே தன் மேல குத்திக்கிட்டு "கெடுக என் ஆயுள்"னு அரியணையிலயே உயிரை விடுறான். கண்ணகி அவனை வாள் எடுத்து வெட்டியிருந்தா அது ரிவெஞ்ச். வேற நாட்டு ராஜா படையெடுத்து வந்து கொன்னிருந்தா அது போர். இங்க விசாரிக்காம கொன்னவன் விசாரணையில சாகுறான். "அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்"னு பதிகத்துலயே முன்கூட்டிச் சொல்லிட்டாரு, அரசாட்சியில தவறினவனுக்கு அறமே எமனாகும்னு. எமன் வெளியிலேர்ந்து வரல, அவன் காப்பாத்த வேண்டிய அறமே எமன்.

அதே காப்பியத்துலயே கவித்துவ நீதி இல்லாத ஒரு இடமும் இருக்கு, அதையும் சொல்லணும். பாண்டியன் செத்த பிறகு பட்டத்துக்கு வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்யுறேன்னு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்குறான். பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன், செத்தது ஆயிரம் பேரு. அவங்க செஞ்ச தப்பு என்னன்னு பார்த்தா அந்த ஒருத்தன் செய்யுற அதே தொழிலைச் செஞ்சது மட்டும்தான். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால முடியல. செஞ்சவனுக்கும் அனுபவிக்கிறவனுக்கும் நடுவுல இருக்க வேண்டிய கண்ணி அறுந்துபோச்சுன்னா அப்புறம் அதுக்கு நீதின்னு பேரே கிடையாது.

இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, அதனால பக்கத்துல பக்கத்துல இருக்கிற சில விஷயங்களைப் பிரிச்சுப் பார்த்துடலாம்.

சட்டப்படி கொடுக்கிற தண்டனை எவ்வளவு நியாயமா இருந்தாலும் அது கவித்துவ நீதி ஆகாது. கன்னுக்குட்டி மேல தேர் ஏத்தின மகனை அதே மாதிரி தேர்க்கால்ல வச்ச மனுநீதிச் சோழன் கதையில குத்தமும் தண்டனையும் அச்சு அசலா பொருந்துது, ஆனா பொருத்தினது ஒரு ராஜா, யோசிச்சு முடிவெடுத்துப் பொருத்தினாரு. கவித்துவ நீதியில பொருத்துற கை கண்ணுக்குத் தெரியக்கூடாது, செஞ்ச காரியத்தோட வயித்துலேர்ந்தே விளைவு பிறந்து வரணும்.

கர்மாவோட இதைச் சேர்க்கிறதுதான் இன்னைக்கு ரொம்ப சகஜம், எவனுக்கு என்ன ஆனாலும் கர்மான்னு போட்டுடுறாங்க. கர்மா ஒரு நம்பிக்கை, அது இந்தப் பிறவியில செஞ்சதுக்கு அடுத்த பிறவியிலகூட கணக்குத் தீர்க்கும், எந்த வடிவத்துல தீர்க்கும்னு நமக்குத் தெரியணும்னுகூட அவசியம் இல்ல. கவித்துவ நீதி கதைக்குள்ள நடக்கிற விஷயம், படிக்கிறவன் கண்ணு முன்னாடி முடிச்சு விழுந்து அவன் கண்ணு முன்னாடியே அவிழணும்.

அப்புறம் முரண். ஜிமி ஹெசல்டன்னு ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர், செக்வேங்கிற ரெண்டு சக்கர நின்னுக்கிட்டு ஓட்டுற வண்டிக் கம்பெனியை வாங்கினவர், 2010ல அதே மாதிரி ஒரு வண்டியில போகும்போது சரிவுலேர்ந்து ஆத்துல விழுந்து இறந்துபோனாரு. இதைப் போய் பொயட்டிக் ஜஸ்டிஸ்னு சொன்னவங்களைப் பார்த்தா வருத்தமாத்தான் இருக்கு. அந்த மனுஷன் தர்மகாரியத்துக்குக் கோடிக்கணக்குல அள்ளிக் கொடுத்தவர், என்ன குத்தம் செஞ்சாரு? பொருத்தம் மட்டும் இருந்து குத்தம் இல்லைன்னா அது சோகமான ஒரு முரண், அவ்வளவுதான், அதுல நீதிங்கிற சொல்லுக்கு வேலையே இல்ல.

சரி, பொயட்டிக் ஜஸ்டிஸ்ங்கிற பேரு எப்ப வந்துச்சுன்னா, இங்கிலாந்துல தாமஸ் ரைமர்ங்கிற விமர்சகர் 1670கள்ல நாடகங்களைப் பத்தி எழுதும்போது பயன்படுத்தினது. நிஜ வாழ்க்கையில நல்லவன் கஷ்டப்படுறான் கெட்டவன் சுகமா இருக்கான், வரலாறு எழுதுறவன் அதை அப்படியேதான் எழுதியாகணும், ஆனா கவிஞனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அவன் உலகம் எப்படி இருக்கணுமோ அப்படிக் காட்டணும்ங்கிறது ரைமர் மாதிரி ஆளுங்களோட வாதம். கேக்க நல்லாத்தான் இருக்கு, இதையே ஒரு சட்டமா ஆக்கினப்பதான் சிக்கல் வந்துச்சு.

ஷேக்ஸ்பியரோட கிங் லியர்ல கடைசி மகள் கார்டீலியா அப்பா மேல உண்மையான பாசம் வச்சவ, அவளைத் தூக்குல போட்டுடுறாங்க, கெழவன் அவ உடம்பைத் தூக்கிட்டு வந்து அழுதே செத்துப்போறான். 1681ல நேஹம் டேட்னு ஒரு கவிஞர் இந்த முடிவை மாத்தி எழுதிட்டாரு, கார்டீலியா பிழைச்சுக்கிறா, கல்யாணம் பண்ணிக்கிறா, லியருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்குது. ஆச்சரியம் என்னன்னா சுமார் 150 வருஷத்துக்கு இங்கிலாந்து மேடைகள்ல ஜனங்க பார்த்தது இந்த மாத்தின முடிவைத்தான், 1823ல எட்மண்ட் கீன்ங்கிற நடிகர் சோக முடிவை மேடையில திரும்பப் போட்டுப் பார்த்தாரு, அது நிலைக்கல, 1838ல மாக்ரெடிங்கிற நடிகர்தான் ஷேக்ஸ்பியரோட மூல நாடகத்தை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தாரு. சாமுவேல் ஜான்சன் மாதிரி பெரிய அறிஞரே 1765ல, கார்டீலியா சாவு தன்னை அவ்வளவு உலுக்கினதுனால பதிப்பாசிரியரா திருத்த வேண்டி வந்த வரைக்கும் அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே தன்னால முடியலைன்னு எழுதியிருக்காரு.

எதிர்த்தவங்களும் இருந்தாங்க. ஜோசப் அடிசன் 1711ல ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில இந்தக் கொள்கையையே அபத்தம்னு எழுதினாரு, நல்லவன் கண்டிப்பா ஜெயிப்பான்னு முன்னாடியே தெரிஞ்சா அவன் கஷ்டப்படும்போது நமக்கு ஏன் பதறப்போகுதுன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் சரியான பதில் சொல்லல, ஹீரோ எப்படியும் பிழைச்சுக்குவான்னு தெரிஞ்ச படத்துல சண்டைக்காட்சி வரும்போது நமக்குக் கொட்டாவி வருதே, காரணம் இதேதான்.

ஹாலிவுட்ல இது எழுத்துப்பூர்வமான ரூலாவே இருந்துச்சு. 1930ல ஹேய்ஸ் கோட்னு ஒரு விதித்தொகுப்பு எழுதி 1934லேர்ந்து கறாரா அமல்படுத்தினாங்க, குற்றத்து பக்கம் ஜனங்களோட அனுதாபம் போகக்கூடாது, குற்றவாளி தப்பிக்கக்கூடாது. 1954ல த பேட் சீட்னு ஒரு நாவல் வந்துச்சு, அதுல கொலை செய்யுற சின்னப் பொண்ணு கடைசியில தப்பிச்சுடுறா, கதையோட பயங்கரமே அதுதான். 1956ல படமா எடுத்தப்ப அந்த முடிவுக்கு அனுமதி இல்ல, அதனால அவ கொலை செஞ்ச அதே இடத்துல அவ மேல மின்னல் விழுந்து சாகுற மாதிரி மாத்திட்டாங்க. இடம் பொருந்துது, மறுக்கல, ஆனா மின்னல் அவ செஞ்ச எதுலேர்ந்தும் வரல, சென்சார் ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு, அதைப் பார்க்கிறவனுக்கும் தெரிஞ்சுபோகுது. கட்டாயத்துக்காக ஒட்டவைக்கிற நீதி இப்படித்தான் துருத்திக்கிட்டு நிக்கும்.

இப்ப நிஜ வாழ்க்கை. வரலாற்றுல இந்த மாதிரி நடந்ததே இல்லையான்னா நடந்திருக்கு. பிரெஞ்சுப் புரட்சியில அப்ப ஆட்சியில செல்வாக்கா இருந்த ரோபஸ்பியரோட ஆளுங்க 1794 ஜூன் 10ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது, தீர்ப்பு ஒண்ணு விடுதலை இல்லைன்னா மரணம். ரெண்டு மாசம்கூட ஆகல, ஜூலை 28ம் தேதி ரோபஸ்பியரையே விசாரணைன்னு ஒண்ணு இல்லாம கில்லட்டின்ங்கிற தலை வெட்டுற மெஷின்ல ஏத்திட்டாங்க. படிக்கும்போது கச்சிதமா இருக்கு இல்லையா. ஆனா அதே காலத்துல ஃபூஷேன்னு ஒருத்தர், லியோன் நகரத்துல நூத்துக்கணக்கானவங்களைக் கொன்னு குவிச்சதுல முக்கியப் பங்கு உள்ளவர், ரோபஸ்பியரைக் கவிழ்க்கிறதுல கைகோத்துட்டு, பிற்பாடு நெப்போலியன் ஆட்சியில போலீஸ் மந்திரியாகி, பெரிய பிரபுப் பட்டமும் வாங்கி, 1820ல நாடு கடந்து இருந்தாலும் இயற்கையாத்தான் செத்தாரு. ரோபஸ்பியர் கதையைத்தான் நாம திரும்பத் திரும்பச் சொல்றோம், ஃபூஷே கதையை யாரும் சொல்றதில்ல, ஏன்னா அதுல முடிச்சு விழல.

இன்னும் ஒரு படி மேல போய், நடக்காததையும் நடந்ததா ஆக்கிக்கிறோம். கில்லட்டினுக்குத் தன் பேரு ஒட்டிக்கிட்ட டாக்டர் கில்லோட்டின் அதே மெஷின்ல தலை போய்ச் செத்தாருன்னு நிறைய பேர் நம்புறாங்க. அவர் 1814ல வயசாகி நோய்ல செத்தாரு. அதுவும் போக அவர் மரண தண்டனையையே விரும்பாதவர், சாவுல சித்திரவதை குறையட்டும்னுதான் அப்படி ஒரு மெஷின் வேணும்னு பேசினவர். அவரைப் பத்தின அந்தப் பொய் இருநூறு வருஷமா உயிரோட இருக்குன்னா, கதை அவ்வளவு அழகா பொருந்துதுங்கிற ஒரே காரணம்தான்.

இது வெறும் சுவாரசியமான விஷயமா இருந்தா பரவாயில்ல, ஆனா ஆளைக் காயப்படுத்துற இடம் ஒண்ணு இருக்கு. 1960கள்ல மெல்வின் லெர்னர்ங்கிற உளவியலாளர் ஒரு சோதனை செஞ்சாரு, ஒரு பொண்ணுக்கு எலெக்ட்ரிக் ஷாக் கொடுக்கிற மாதிரி காட்டி (நிஜத்துல ஷாக் இல்ல, நடிப்பு) பார்க்கிறவங்க அவளைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டாரு. அவ கஷ்டத்தை நிறுத்த வழி இருந்தவங்க நிறுத்தினாங்க, நிறுத்த வழியே இல்லாம பார்த்துட்டு மட்டும் இருந்தவங்க போகப் போக அவளை மட்டமா மதிப்பிட ஆரம்பிச்சாங்க. உலகம் நியாயமானதுங்கிற நம்பிக்கையை விட மனசு வராம, கஷ்டப்படுறவங்ககிட்டதான் ஏதோ கோளாறு இருக்கணும்னு போயிடுறோம். ஒருத்தருக்கு நோய் வந்தாலோ விபத்து நடந்தாலோ "அவங்க என்ன பாவம் பண்ணாங்களோ"ன்னு சட்டுனு வாயில வருதே, அது கதைக்குன்னு உண்டான ரூலை மனுஷங்க மேல போடுறது. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. 319வது குறளை எழுதின அதே வள்ளுவர்தான் 169வது குறள்ல, பொறாமைக்காரன் செழிப்பா இருக்கிறதும் நேர்மையானவன் கெட்டுப்போறதும் "நினைக்கப் படும்"னு எழுதினாரு. இதுக்குக் காரணம் இதுதான்னு அவர் தீர்ப்பு சொல்லல, யோசிக்க வேண்டிய விஷயம்னு அப்படியே வச்சுட்டாரு.

சரி, கதை எழுதுறவங்க, படம் பார்த்துட்டு ரெவ்யூ எழுதுறவங்க இதை எப்படிப் பயன்படுத்துறது. நான் முதல்ல பார்க்கிறது, வில்லனை வீழ்த்தின பொருள் கதைக்குள்ள எப்ப வந்துச்சுன்னுதான். கிளைமாக்ஸ்லதான் முதல்முறையா வருதுன்னா அது டைரக்டரோட அவசரம். முதல் பாதியிலயே வில்லன் தன் கையால அதைக் கொண்டுவந்து வச்சிருக்கணும், நாம அதை மறந்தும் போயிருக்கணும். அப்புறம் அவனே எடுத்த முடிவால அதுல மாட்டணும், பஸ்மாசுரன் மாதிரி, தான் யார் தலையில கை வச்சாலும் அவங்க சாம்பலாகணும்னு வரம் கேட்டது அவன், மோகினி ஆடுறதைப் பார்த்துத் தன் தலையிலயே கை வச்சதும் அவன், இந்த ரெண்டுமே அவனோட ஆசையிலேர்ந்து வந்தது. நல்லவனுக்குக் கிடைக்கிற பரிசுக்கும் இதே கணக்குதான், ஆண்ட்ரோகிளஸ்ங்கிற அடிமை காட்டுல ஒரு சிங்கத்தோட பாதத்துல தைச்ச முள்ளை எடுத்துவிட்டதும், பின்னாடி ரோம்ல அவனைக் கொல்லக் கொண்டுவந்த மிருகம் அதே சிங்கமா இருந்து அவனை நக்கிக்கொடுத்ததும் கேட்டிருப்பீங்க, அவனுக்குப் பொற்காசு கிடைச்சிருந்தா இந்தக் கதை இவ்வளவு வருஷம் தங்கியிருக்காது.

பொருத்தத்தோட அளவும் முக்கியம், இதைத்தான் கத்துக்குட்டி எழுத்தாளர்கள் கோட்டை விடுறாங்க. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல, ஹாம்லெட்டை வஞ்சகமா கொல்லப் பார்த்த லேயர்ட்டிஸ் விஷம் தடவின தன்னோட வாளாலயே அடிபட்டுச் சாகும்போது "என் துரோகமே என்னைக் கொன்னுச்சு, நியாயம்தான்"ங்கிற அர்த்தத்துல அவனே சொல்லிடுறான், ராஜா கிளாடியஸ் தான் கலந்த விஷத்தைத் தானே குடிக்க வேண்டி வருது, இதுல யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன்னு ரெண்டு பேர், ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லி ராஜா எழுதின கடிதத்தைச் சுமந்துட்டுப் போறாங்க, ஹாம்லெட் அதை மாத்தி எழுதி அவங்க சாவுக்கே ஆக்கிடுறான். தான் தூக்கிட்டுப் போன கடிதத்தாலயே சாகுறது பொருத்தம்னு பார்த்தா அவ்வளவு பொருத்தம், ஆனா அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமாங்கிறது நாடகத்துல தெளிவாவே இல்ல. தெரிஞ்சே கொண்டுபோயிருந்தா நீதி, தெரியாம ராஜா சொன்னாருன்னு கொண்டுபோயிருந்தா ரெண்டு அப்பாவிங்க கொலை. 1966ல டாம் ஸ்டாப்பர்ட் இந்த ரெண்டு பேரையும் நடுவுல வச்சு ஒரு முழு நாடகமே எழுதிட்டாரு. நீங்க எழுதுற கதையில ஒருத்தனுக்கு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி அவனுக்கு எவ்வளவு தெரிஞ்சிருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, தண்டனை எவ்வளவு அழகா பொருந்தினாலும் சரி.